அரசு அலுவலகமும் சமூக ஊடகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகராட்சி, குடிநீர் வாரியம், போக்குவரத்துக் கழகம், ஆட்சியர் அலுவலகம் என்று பல இடங்களில் மக்கள் தொடர்புப் பணி பார்ப்பவர்களுக்குச் சில ஆண்டுகளாகப் பயிற்சி வகுப்பு எடுத்துவருகிறேன். வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை. மேலதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். உண்மையான கேள்விகள் டீ இடைவேளையில்தான் வரும். அப்படி வந்தவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் தமிழ்நாட்டு அலுவலகங்களை மனத்தில் வைத்துச் சொன்னவை.

எங்கள் நகராட்சிக்கு ஃபேஸ்புக் பக்கம் கட்டாயம் வேண்டுமா? பக்கத்து நகராட்சி தொடங்கிவிட்டது என்று ஆணையர் கேட்கிறார்.

பக்கத்து ஊர் தொடங்கியது ஒரு காரணமாகாது. பக்கம் தொடங்குவது கவுண்டர் திறப்பது மாதிரி. வரி வசூல் மையத்தில் புதிதாக ஒரு கவுண்டரைத் திறந்து, விளக்குப் போட்டு, பெயர்ப்பலகை மாட்டி, உள்ளே ஆளை உட்காரவைக்காமல் விட்டால் என்ன ஆகும்? வரிசையில் நிற்பவர் முதலில் எட்டிப் பார்ப்பார். பிறகு தட்டுவார். பிறகு திட்டுவார். கவுண்டரே இல்லாதபோது இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஆகவே, ஒரு ஆளையும் அவர் விடுப்பில் போனால் பார்க்க இன்னொரு ஆளையும் ஒதுக்க முடியும் என்றால் தொடங்குங்கள். முடியாது என்றால், உங்கள் இணையதளத்தில் இருக்கும் தொலைபேசி எண் இன்னும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்தாலே பெரிய சேவை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4. யாரும் மனுப் போடாமலே தகவலை வெளியிட வேண்டும் என்பதும், வெளியிடும்போது செலவையும் வட்டார மொழியையும் அந்தப் பகுதியில் எடுபடும் தொடர்பு முறையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஃபேஸ்புக் என்ற சொல் இல்லை. ஆனால் உங்கள் ஊரில் எடுபடும் முறை தண்டோராவா, ஆட்டோ ஒலிபெருக்கியா, வாட்ஸ்அப்பா என்று யோசிக்கும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது.

எந்தெந்தத் தளங்களில் இருக்க வேண்டும்?

ஒரு நடுத்தர நகராட்சிக்கு வாட்ஸ்அப் சேனல் ஒன்றும் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றும் போதும். வாட்ஸ்அப் குழு வேண்டாம். குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது. சேர்ந்தவர்களின் எண்ணை மற்றவர்கள் பார்க்கலாம். காலை வணக்கப் படங்கள் வேறு. சேனலில் இந்த மூன்று தொல்லையும் இல்லை. எக்ஸ் (முன்பு ட்விட்டர்) தளத்தில் செய்தியாளர்களும் கட்சிக்காரர்களும் பெருநகரவாசிகளும் இருக்கிறார்கள். மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் அது தேவைப்படும். பேரூராட்சிக்கு அவ்வளவு இல்லை.

ஆனால் இவை எல்லாமே வாடகை வீடுதான். 2020 ஜூன் 29 அன்று வேறு 58 செயலிகளோடு சேர்த்து டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அதை நம்பி உழைத்தவர்கள் ஒரே இரவில் வெளியே நின்றார்கள். 2023 ஏப்ரலில் மென்பொருள் வழியே தானாகப் பதிவு போடும் இணைப்புக்கு ட்விட்டர் காசு கேட்டபோது, நியூயார்க்கின் சுரங்க ரயிலையும் பஸ்களையும் நடத்தும் எம்.டி.ஏ. அமைப்பு அங்கே சேவை அறிவிப்பு போடுவதையே நிறுத்தியது. சில நாட்களில் ட்விட்டர் இறங்கிவந்து அரசு அமைப்புகளுக்கு இலவசம் என்றது, அறிவிப்புகளும் திரும்பின. எம்.டி.ஏ.வால் அப்படி முறுக்கிக்கொண்டு நிற்க முடிந்ததற்குக் காரணம், பயணிகளுக்குச் சொல்ல அதனிடம் சொந்த இணையதளமும் செயலியும் இருந்தன. உங்கள் அறிவிப்பும் முதலில் உங்கள் இணையதளத்தில் ஏறட்டும். மற்ற இடங்களுக்கு அங்கிருந்து இணைப்புப் போகட்டும்.

பதிவை எப்படி எழுதுவது? எங்களுக்கு அலுவலகக் கடித நடைதான் வருகிறது.

இதுதான் முக்கியமான கேள்வி. இதைக் கேட்பவர்தான் குறைவு.

ஒரு நகராட்சி போட்ட அறிவிப்பை, ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வகுப்பில் காட்டுவேன்: “நமது நகராட்சிக்குட்பட்ட பகுதிகளில் பிரதான குடிநீர்க் குழாயில் ஏற்பட்டுள்ள உடைப்பினைச் சீரமைக்கும் பணி போர்க்கால அடிப்படையில் நடைபெற்று வருவதால், மேற்படி பகுதிகளில் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்ற விவரம் பொதுமக்களின் கனிவான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது.”

எந்தத் தெரு? எத்தனை நாள்? அதுவரை தண்ணீருக்கு எங்கே போவது? ஒன்றும் இல்லை. போர்க்காலம் மட்டும் இருக்கிறது. அதே செய்தியை இப்படி எழுதலாம்:

“12, 13, 14ஆம் வார்டுகளில் நாளை புதன்கிழமை காலை குடிநீர் வராது. தேரடி அருகே பெரிய குழாய் உடைந்திருக்கிறது. வியாழன் காலை 6 மணிக்கு வழக்கம்போல் வரும். அதுவரை லாரித் தண்ணீர்: தேரடி, பஸ் நிலையம், மாலை 4 மணி முதல்.” இதன் கீழே தேதி, மாதம், ஆண்டு.

அந்தத் தேதிக்காக நான் சண்டையே போடுவேன். ஃபேஸ்புக் தானாகத் தேதி காட்டுகிறதே என்பார்கள். உங்கள் பதிவு ஃபேஸ்புக்கில் படிக்கப்படப்போவதில்லை. யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, அது ஊர் சுற்றும். “நாளை பள்ளிகளுக்கு விடுமுறை” என்ற போன வருடத்துப் படம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் உயிர்த்தெழுவது இதனால்தான். “நாளை” என்ற சொல் தனியாக நிற்கக் கூடாது. கிழமையும் தேதியும் கூடவே போக வேண்டும்.

அவசர காலத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். 2015 டிசம்பர் முதல் நாளில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. கன அடி என்பது பொறியாளருக்குப் புரியும். சென்னையில் அடையாற்றங்கரை ஜாபர்கான்பேட்டையில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டியது வேறு: என் வீட்டுக்குள் தண்ணீர் வருமா, எத்தனை மணிக்கு வரும், கைக்குழந்தையோடு எங்கே போவது? எண்ணை வெளியிட்டதும் எச்சரித்துவிட்டதாக அலுவலகம் நினைத்துக்கொள்கிறது. படித்தவர் எழுந்து வெளியே போனால்தான் அது எச்சரிக்கை.

‘தமிழ்நாடு வெதர்மேன்’ என்று அறியப்படும் பிரதீப் ஜான் வானிலைத் துறை அதிகாரி இல்லை. இருந்தும் மழை இருட்டியதும் சென்னைக்காரர்கள் அவர் பக்கத்தைத் தேடிப் போகிறார்கள். ஊர்ப் பெயர், பேட்டைப் பெயர் சொல்லி எழுதுகிறார். பயப்பட வேண்டாம் என்றால் அதையும் சொல்கிறார். அந்த நடையை உங்கள் அலுவலகத்திலும் யாராவது எழுதலாம். தடுப்பது எதுவும் விதியில் இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

தமிழில். பெருநகரம், விமான நிலையம், வெளிமாநிலத் தொழிலாளர்கள் அதிகம் உள்ள ஊர் என்றால் ஆங்கிலமோ இந்தியோ தனிப் பதிவாகக் கீழே வரலாம். ஒரே பதிவில் இரண்டு மொழியையும் கலந்தால் இரண்டு தரப்பும் பாதியில் விட்டுவிடும்.

பெரிய தடை மொழியில் இல்லை, எழுத்துருவில் இருக்கிறது. அலுவலகத் தட்டச்சு இன்னும் பல இடங்களில் வானவில் எழுத்துருவில்தான் நடக்கிறது. அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்து ஃபேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குவிந்த குப்பை வரும். உடனே தட்டச்சர் என்ன செய்கிறார்? கடிதத்தை அச்செடுத்து, கையொப்பமும் முத்திரையும் வாங்கி, சற்றுச் சாய்வாக ஸ்கேன் செய்து, அந்தப் படத்தைப் போடுகிறார். கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தாலும் படிக்க முடியாது. கூகுளில் தேடினால் வராது. பார்வையற்றவர் கைபேசியின் திரைவாசிப்பான் “படம்” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. நம் அறிவிப்புகள் இன்னும் சாய்ந்த ஸ்கேனில் நிற்கின்றன.

ஒருங்குறியை (யூனிகோடை)த் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010இலேயே ஆணையிட்டுவிட்டது. தமிழ்99 விசைப்பலகை அதற்கும் முன்பே, 1999இல் வந்தது. புதிதாகக் கற்க ஒரு வாரம் போதும். வானவில்லில் பழகிய விரல்களுக்கு அதுவும் வேண்டாம். அதே தட்டச்சு விசையமைப்பில் ஒருங்குறி அடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மூத்த தட்டச்சர்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். தங்கள் கைப்பழக்கத்தைப் பிடுங்கப்போகிறார்கள் என்றே அவர்கள் பயந்திருப்பார்கள்.

படம் போடக் கூடாதா? போடலாம். ஆனால் படத்தில் இருக்கும் செய்தி முழுவதும் எழுத்தாகவும் கீழே இருக்க வேண்டும்.

ஒவ்வொரு பதிவிலும் அமைச்சர், மேயர், ஆணையர் படம் வேண்டும் என்கிறார்களே?

அரசு விளம்பரங்களில் யார் படம் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் வரையறுத்தது. முதலில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி மட்டும்தான். 2016 மார்ச்சில் அதைத் தளர்த்தி, ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர்கள் படங்களுக்கும் இடம் கொடுத்தது. ஆக, சட்டப்படி முழுத் தடை இல்லை.

நான் வேறு வழியில் போவேன். சேவை அறிவிப்பு ஒரு வகை, நிகழ்ச்சிச் செய்தி இன்னொரு வகை. பாலம் திறப்பு விழாவில் யார் படம் வேண்டுமானாலும் இருக்கட்டும். தண்ணீர் வராது, மின்சாரம் நிற்கும், சாலை மூடப்படும் என்ற பதிவில் யார் படமும் வேண்டாம். “தண்ணீர் வராது என்ற செய்திக்கு மேலே ஐயா சிரித்துக்கொண்டிருந்தால் திட்டு யாருக்கு விழும்?” என்று மேலதிகாரியிடம் பணிவாகக் கேளுங்கள். இந்த வாதம் நான் பார்த்தவரை தோற்றதில்லை.

பதிவு போட ஒப்புதல் வாங்குவதற்குள் செய்தி பழசாகிவிடுகிறது. என்ன செய்வது?

இளநிலை உதவியாளர் எழுதி, கண்காணிப்பாளர் திருத்தி, மேலாளர் பார்த்து, ஆணையர் கையொப்பமிட்டு வருவதற்குள் குழாயே சரியாகிவிடும். இதற்கு வழி, ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவைப்பது. மின்தடை, குடிநீர் நிறுத்தம், சாலை மறிப்பு, வெள்ள எச்சரிக்கை, முகாம் தேதி மாற்றம் என்று வருடத்தில் திரும்பத் திரும்ப வருபவை பத்துப் பதினைந்துதான். அவற்றுக்கு வெற்றிடம் விட்ட மாதிரிகளை எழுதி ஒரே கோப்பில் வைத்து ஒருமுறை கையொப்பம் வாங்குங்கள். பிறகு இடத்தையும் நேரத்தையும் நிரப்பிப் போட வேண்டியதுதான். புதிய விஷயம், கொள்கை விஷயம், நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம் மட்டும் மேலே போகட்டும்.

இன்னொரு கேள்வியையும் இதோடு சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்: இரவு இரண்டு மணிக்குக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது? 2018 ஜனவரி 13 அன்று காலை 8.07க்கு ஹவாய் தீவுகளில் எல்லோர் கைபேசியிலும் “ஏவுகணை வருகிறது, இது ஒத்திகை இல்லை” என்று அவசரச் செய்தி வந்தது. பணியாளர் ஒருவரின் தவறு. இரண்டே நிமிடத்தில் ஆளுநர் டேவிட் இகேயிடம் அது பொய் எச்சரிக்கை என்று சொல்லிவிட்டார்கள். அவர் ட்விட்டரில் அதைப் போட்டபோது மணி 8.24. தாமதம் ஏன் என்று பிறகு கேட்டபோது, தன் ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். கைபேசிகளுக்குத் திருத்தச் செய்தி போய்ச் சேர 38 நிமிடம் ஆனது. குழந்தைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குளியலறைத் தொட்டியில் படுத்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு நீண்ட நேரம்!

கணக்கு ஹேக் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். 2021 டிசம்பரில் பிரதமரின் கணக்கிலேயே, இந்தியா பிட்காயினைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டதாக ஒரு பதிவு கொஞ்ச நேரம் இருந்தது. அடுத்த மாதம் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கணக்கு ஹேக் ஆகி ‘எலான் மஸ்க்’ என்று பெயர் மாறி நின்றது. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். கணக்கை அலுவலக மின்னஞ்சலில் திறங்கள். ஒப்பந்த ஊழியரின் சொந்த ஜிமெயிலில் வேண்டவே வேண்டாம். ஓடிபி வரும் சிம் அலுவலகப் பெயரில் இருக்கட்டும்.

புகார்கள் கருத்துப் பெட்டியில் குவிகின்றன. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டுமா?

ஆமாம். கவுண்டர் என்று சொன்னது இதற்காகத்தான்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுப்பவருக்குக் குறைந்தது ஒரு பதிவு எண் கிடைக்கிறது. கருத்துப் பெட்டியில் எழுதியவருக்கு என்ன கிடைக்கிறது? “தங்கள் புகார் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது.” இந்த வாக்கியத்தை ஊரே வெறுக்கிறது. எந்தத் துறை, யார், எப்போது என்ற மூன்றும் அதில் இல்லை.

“பத்து நாளாகத் தெருவிளக்கு எரியவில்லை, எத்தனை தடவை சொல்வது?” என்று ஒருவர் எழுதுகிறார். நல்ல பதில் இப்படி இருக்கும்: “வணக்கம் ஐயா. பத்து நாள் என்பது தவறுதான். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்.” எண் வந்ததும்: “உங்கள் புகார் எண் இது. மின்பிரிவு உதவிப் பொறியாளர் பார்க்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் எரியவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள்.” வெள்ளிக்கிழமை நீங்களே போய்க் கேளுங்கள், அவர் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம். சென்னையில் 1913 போல உங்கள் ஊருக்குப் புகார் எண் இருந்தால், கருத்துப் பெட்டியில் வருவதும் அதே பதிவேட்டில் ஏற வேண்டும். இரண்டு பதிவேடு வைத்தால் இரண்டுமே பாழ்.

தொலைபேசி எண், வீட்டு முகவரி, ஆதார் எதையும் பொதுவெளியில் கேட்காதீர்கள். உட்பெட்டிக்கு அழைத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பக்கத்தின் கீழேயே மோசடிக்காரர்கள் எண் பொறுக்குவார்கள்.

பொய்யாகப் புகாரை முடித்துவைப்பதைப் பற்றி என் சொந்தக் கதை ஒன்று. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை மூடி உடைந்திருந்தது. படத்தோடு எழுதினேன். மூன்றாம் நாள் “பணி முடிக்கப்பட்டது” என்று புதிய மூடியின் படம் வந்தது. மூடி அழகாகத்தான் இருந்தது. பின்னணியில் ஒரு வேப்பமரம் தெரிந்தது. எங்கள் தெருவில் வேப்பமரம் கிடையாது. அந்த அலுவலகத்தை நான் பெயர் சொல்லப்போவதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர்கள் உண்மையாக முடித்த வேலையின் படத்திலும் நான் மரத்தைத்தான் பார்க்கிறேன்.

திட்டுகிறார்கள். பிளாக் செய்யலாமா?

அலுவலகத்தைத் திட்டினால் விடுங்கள். அதற்குத்தான் சம்பளத்தோடு மின்விசிறியும் தந்திருக்கிறார்கள். சாதி, பாலினம் சார்ந்த வசை, மிரட்டல், ஒருவரின் அந்தரங்க விவரம், மோசடி இணைப்பு இவற்றை நீக்கலாம். எதை நீக்குவோம் என்பதை முன்பே எழுதிப் பக்கத்தில் பொருத்திவைத்திருக்க வேண்டும். நீக்குவதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு சேமித்துவையுங்கள். நாளை கேள்வி வரும்.

இணையத்தில் எரிச்சலூட்டும்படி எழுதியதற்காகவே வழக்குப் போட வழிசெய்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. அதற்குப் பிறகும் “சைபர் கிரைமில் சொல்லிவிடுவோம்” என்று பதில் எழுதும் பக்கங்களைப் பார்த்திருக்கிறேன். விமர்சனத்துக்கு அப்படிப் பதில் எழுதுவது மிரட்டல்தான்.

பிளாக் செய்வது நீக்குவதைவிடக் கடுமையானது, ஏனென்றால் அடுத்த வெள்ள எச்சரிக்கையும் அந்த ஆளுக்குப் போய்ச் சேராது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹூரன் நகர மேலாளர் ஜேம்ஸ் ஃப்ரீட், நம் ஊர்க் கணக்கில் ஆணையர், தன் ஃபேஸ்புக் பக்கத்தில் கோவிட் காலத்தில் கேள்வி கேட்ட ஒருவரைப் பிளாக் செய்தார். அதே பக்கத்தில் மகளின் படமும் இருக்கும், நகர அறிவிப்பும் இருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரசு சார்பில் பேசும் அதிகாரம் உண்மையில் அவருக்கு இருந்து, அந்த அதிகாரத்தைக் காட்டிப் பதிவு போட்டிருந்தால்தான் அது அரசின் செயலாகும் என்று 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் சொந்தப் பக்கத்தையும் பதவிப் பக்கத்தையும் ஒன்றாக வைத்திருக்கும் நம் அதிகாரிகள் பலர் அந்த வழக்கின் கதையையாவது படிக்க வேண்டும்.

வதந்தி பரவினால்?

2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி, இரண்டு வீடியோக்களைக் குறிப்பிட்டு விளக்கினார்: ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு தரப்புக்கு இடையே நடந்த மோதல், மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது, இரண்டுமே முன்பு நடந்தவை. “வதந்திகளை நம்ப வேண்டாம்” என்ற பொத்தாம்பொதுவான வேண்டுகோளைவிட இது பலமடங்கு மேல். எந்த வீடியோ, எங்கே, உண்மையில் என்ன நடந்தது என்று அதில் இருக்கிறது. திருப்பூரில் இந்தி பேசும் காவலர்களோடு உதவி எண்ணும் திறந்தார்கள். பயந்தவரின் மொழியில் பேசினால்தான் பயம் போகும்.

மறுக்கும்போது முதல் வரியில் பொய்யைத் திரும்பச் சொல்லாதீர்கள். “அணை உடைந்துவிட்டது என்பது தவறு” என்று தொடங்கினால் பாதிப் பேர் முதல் பாதியோடு நின்றுவிடுவார்கள். “அணை பாதுகாப்பாக இருக்கிறது. காலை 7 மணிக்குப் பொறியாளர் எடுத்த படம் இது” என்று தொடங்குங்கள். பொய்யான படத்தின் மேல் சிவப்பில் ‘போலி’ என்று முத்திரை குத்தாமல் திரும்பப் பகிரவும் கூடாது.

மீம் போடலாமா? கேரள போலீஸ் போடுகிறார்களே.

கேரள காவல்துறையின் ஃபேஸ்புக் பக்கம் மீம்களாலேயே பத்து லட்சம் பேரைத் தாண்டியது. ஹெல்மெட் போடச் சொல்வதைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார்கள், நன்றாகவே இருந்தது. அதே துறை 2020இல் மற்றவர்களின் டிக்டாக் வீடியோக்களைக் கிண்டல் செய்யும் ஒரு தொடரைத் தொடங்கியது. காவல்துறையே பொதுமக்களை, அதிலும் பெண்களை, கேலிக்கு ஆளாக்கலாமா என்று எதிர்ப்பு வந்து அதை நிறுத்த வேண்டியிருந்தது. தவறு எங்கே என்று பாருங்கள். தங்களையும் தலைக்கவசம் போடாத பொதுவான ‘ஒருவரையும்’ வைத்துச் சிரித்தவரை வெற்றி. அடையாளம் தெரிந்த ஒரு ஆளை நோக்கி விரல் நீண்டதும் தோல்வி.

விபத்து, மரணம், வெள்ளம் நடக்கும் நாளில் முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த மீம் தானாக ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஏறியதை ஒருமுறை பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

காசு கொடுத்து விளம்பரம் செய்யலாமா? இன்ஃப்ளூயன்சர்?

நோக்கம் தெளிவாக இருந்தால் செய்யலாம். சொத்து வரித் தள்ளுபடி இந்தத் தேதியோடு முடிகிறது, தடுப்பூசி முகாம் இந்தப் பள்ளியில் நடக்கிறது என்றால், அந்த வட்டாரத்துக்கு மட்டும் காட்டும்படி சில ஆயிரம் ரூபாய் செலவிடுவது துண்டறிக்கையைவிட மலிவு. சாதனை மலருக்குச் செலவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நிறுவனத்தை அமர்த்துவதானால் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கும் பொருந்தும். டெண்டரில் “மாதம் 60 பதிவு” என்று எழுதாதீர்கள். அறுபதை நிரப்ப அவர்கள் உலக இட்லி தினம் வரை போவார்கள்.

இன்ஃப்ளூயன்சர் விஷயத்தில் உத்தரப் பிரதேச அரசு 2024இல் வெளியிட்ட கொள்கை, மாதம் 8 லட்சம் ரூபாய் வரை கொடுக்க வழிசெய்தது. பணம் வாங்கிக்கொண்டு அரசைப் புகழ்பவர் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள் என்பது என் கருத்து. உங்கள் ஊர்ச் செவிலியர் தன் வட்டார வழக்கில் ஒரு நிமிடம் பேசட்டும். அவரைத்தான் ஊருக்குத் தெரியும். பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அது விளம்பரம் என்று வீடியோவிலேயே தெரியும்படி சொல்ல வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறையின் 2023 ஜனவரி வழிகாட்டுதல் அதைத்தான் கேட்கிறது.

பயனாளிகள் படம் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள். நலத்திட்ட விழாப் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள், கையில் பிடித்திருக்கும் குடும்ப அட்டையின் எண் பளிச்சென்று தெரியும். காப்பகக் குழந்தைகள், வழக்கில் தொடர்புள்ள குழந்தைகள் முகம் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் அது குற்றம். பயனாளிகள் பட்டியலை ஆதார், கைபேசி எண்ணோடு எக்செல் கோப்பாக ஏற்றிய அலுவலகங்களும் உண்டு.

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். பக்கத்தை மூடிவிடலாமா?

மூட வேண்டாம். நடத்தை விதிகள் அமலுக்கு வந்த நிமிடத்திலிருந்து சாதனை விளம்பரம், புதிய அறிவிப்பு, அமைச்சர் படங்கள் நிற்க வேண்டும். முகப்புப் படத்தை மாற்ற மறந்துவிடுவார்கள், அதையும் பாருங்கள். தண்ணீர், மின்சாரம், காய்ச்சல் முகாம் பற்றிய அறிவிப்புகள் பெயரும் படமும் இல்லாமல் தொடரலாம். சந்தேகம் வந்தால் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மேலிடத்துக்கு மாத அறிக்கையில் எதைக் காட்டுவது? லைக் எண்ணிக்கை கேட்கிறார்கள்.

கேட்டால் கொடுங்கள், இரண்டாம் பக்கத்தில். முதல் பக்கத்தில் இவற்றை வையுங்கள்: எத்தனை புகார் வந்தது, முதல் பதிலுக்கு எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை உண்மையில் முடிந்தது, “தண்ணீர் எப்போது வரும்” என்ற தொலைபேசி அழைப்பு குறைந்ததா. கடைசிக் கணக்கை யாரும் எடுப்பதில்லை. தொலைபேசி எடுக்கும் அம்மாவிடம் கேட்டாலே தெரிந்துவிடும். ஒரு ஊரில் அப்படிக் கேட்டபோது அவர் சொன்னார்: “வாட்ஸ்அப்பில் போட்ட நாளில் நான் டீயைச் சூடாகக் குடிக்கிறேன் சார்.” அதை அப்படியே அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன். சேர்க்கவில்லை.

எனக்குப் பணிமாறுதல் வந்துவிட்டது. பக்கத்தை என்ன செய்வது?

நாற்காலி, பீரோச் சாவி, முத்திரை எல்லாம் ஒப்படைப்புப் பட்டியலில் இருக்கும். அதில் இன்னும் நான்கு வரி சேருங்கள்: கணக்குகளின் பெயர், இணைந்த மின்னஞ்சல், ஓடிபி வரும் சிம் அட்டை, நிலுவையில் உள்ள புகார்களின் எண்கள். புதியவரை உங்கள் எதிரிலேயே ஒருமுறை உள்ளே நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் கைபேசியில் கணக்குத் திறந்த பிறகு உங்கள் கைபேசியிலிருந்து வெளியேறுங்கள். இல்லாவிட்டால் புது ஊரில் நீங்கள் போடும் மகள் பிறந்தநாள் படம் பழைய நகராட்சியின் பக்கத்தில் ஏறி, கீழே யாராவது “வாழ்த்துகள். 14ஆம் வார்டுக்கு எப்போது தண்ணீர் வரும்?” என்று கேட்டிருப்பார்கள்.